தாதியரின் கவனக்குறைவு: சட்டத்தில் நமக்கு என்ன இடம் உண்டு?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் நிகழ்ச்சி அறிவிப்பாளர் ஆற்றிய தொடக்க உரை)



முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தாதியரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்காக நாம் இங்கே கூடவில்லை. நம் சமுதாயத்தில் சொந்தத்திலோ பக்கத்து வீட்டிலோ ஒரு தாதி இல்லாத குடும்பத்தைப் பார்ப்பது அரிது. தோட்டப்புறத்திலிருந்து தாதிமைப் பயிற்சிக்குப் போன ஒரு பெண்ணால் மொத்தக் குடும்பமும் தலைநிமிர்ந்த கதைகளை நாம் எல்லாரும் அறிவோம். இரவு வேலையில் ஒரு வார்டு முழுவதையும் இரண்டு மூன்று பேர் கவனித்துக்கொள்ளும் சிரமமும் நமக்குத் தெரியும். ஆனால், அந்தச் சிரமத்திற்கான விலையை ஒரு நோயாளி தன் கையாலோ காலாலோ உயிராலோ கொடுக்க நேர்ந்தால், அவருக்கு என்ன வழி? இன்றைய கேள்வி அதுதான்.

நான் தொடர்புத்துறையில் டிப்ளோமா படித்தவள். சட்டம் படித்தவள் அல்ல. இந்த அரங்கிற்காகச் சில வாரங்கள் வழக்கறிஞர்களிடமும் தாதியரிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டதை முன்வைக்கிறேன். நான் சொல்வதில் சட்ட நுணுக்கம் விட்டுப்போனால் ஐயா திருத்துவார்.

கவனக்குறைவு என்றால் என்ன? சிடுசிடுவென்று பேசுவது கவனக்குறைவு ஆகாது. அழைப்பு மணி அடித்துப் பத்து நிமிடம் கழித்து வந்ததும் மட்டும் ஆகாது. மூன்று விஷயங்கள் சேர வேண்டும் என்கிறார்கள். நோயாளியைக் கவனிக்கும் கடமை இருந்தது; அதே நிலையில் உள்ள சராசரித் திறமையுடைய ஒரு தாதி செய்திருக்கக்கூடியதைச் செய்யத் தவறினார்; அந்தத் தவறினால்தான் பாதிப்பு வந்தது. முதலாவதை நிரூபிப்பதில் சிரமமே இல்லை. இரண்டாவது கொஞ்சம் சிரமம். மூன்றாவதில்தான் பெரும்பாலான வழக்குகள் தடுக்கி விழுகின்றன.

பேராக்கிலிருந்து ஒரு சகோதரி எங்களுக்குக் கடிதம் எழுதியிருந்தார். அரசாங்க மருத்துவமனையில் அவருடைய அப்பாவுக்கு வலக்கையில் ட்ரிப் ஏற்றியிருக்கிறார்கள். இரவு பத்து மணி வாக்கில், “கை வீங்குது மிஸ்ஸி, எரியுது” என்று அப்பா சொல்லியிருக்கிறார். “காலையில டாக்டர் வந்து பார்ப்பார் அங்கிள்” என்று பதில். மறுபடியும் சொல்லியிருக்கிறார். விடியற்காலையில் பார்த்தபோது கை கறுத்துவிட்டது. கடைசியில் இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. மகள் புகார் எழுதினார். விசாரிக்கிறோம் என்று பதில் வந்தது. பிறகு இன்னொரு கடிதம், இன்னொரு சந்திப்பு. கடைசியாக, “உங்கள் அப்பாவுக்குச் சர்க்கரை நோய் இருந்ததால்தான் இப்படி ஆனது” என்று சொல்லிவிட்டார்கள். “அக்கா, இதோடு இரண்டு வருஷம் எட்டு மாதம் ஆகிறது. இனி கேஸ் போட முடியுமா?” என்று கேட்டிருந்தார்.

இந்தக் கடிதத்தை வழக்கறிஞரிடம் காட்டியபோது அவர் கையைப் பற்றிப் பேசவில்லை, சர்க்கரை நோயைப் பற்றியும் பேசவில்லை. காலண்டரைத்தான் பார்த்தார். அரசாங்கத்தின் மீதோ அதன் ஊழியர் மீதோ வழக்குப் போடுவதற்கு, 1948ஆம் ஆண்டின் பொது அதிகாரிகள் பாதுகாப்புச் சட்டம் 36 மாதங்களே தருகிறது. அந்தச் சகோதரியின் கையில் இன்னும் நான்கு மாதங்கள்தான் மிச்சம். மருத்துவமனைக்குக் கடிதம் எழுதுவதோ, பதிலுக்குக் காத்திருப்பதோ, விசாரணைக் குழு கூடுவதோ இந்தக் காலக்கெடுவை ஒரு நாள்கூட நிறுத்தி வைக்காது. நம்மவர்கள் பலர் கோட்டை விடுவது இங்கேதான். பொறுமையாகவும் மரியாதையாகவும் நடந்துகொண்டவர்களுக்குத்தான் இந்த அடி விழுகிறது என்பது எனக்கு வேதனையாக இருக்கிறது.

தனியார் மருத்துவமனை என்றால் கணக்கு வேறு. தீபகற்பத்தில் 1953ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டப்படி ஆறு ஆண்டுகள். சபா, சரவாக்கிற்குத் தனிச்சட்டங்கள் உண்டு. அங்குள்ள நேயர்கள் அங்குள்ள வழக்கறிஞரிடம்தான் கேட்க வேண்டும். நோயாளி இறந்துவிட்டால், அவரை நம்பியிருந்த குடும்பத்தினர் கேட்கும் இழப்பீட்டுக்கு இறந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகள். அது அரசாங்க மருத்துவமனையானாலும் தனியார் ஆனாலும் ஒன்றுதான். ஆகவே, எதுவாக இருந்தாலும் மூன்று ஆண்டு என்று மனத்தில் எழுதிக்கொள்ளுங்கள். குழந்தை பாதிக்கப்பட்டால் அது வளர்ந்து பெரியவனாகும்வரை நேரம் இருக்கிறது என்று யாராவது சொன்னால், குறிப்பாக அரசாங்க மருத்துவமனை விவகாரத்தில், அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம். குழந்தையின் சார்பில் பெற்றோரே வழக்குத் தொடுக்கலாம்.

யார் மீது வழக்கு? தாதி மருத்துவமனையின் ஊழியர். ஊழியர் வேலை நேரத்தில் செய்த தவற்றுக்கு முதலாளி பொறுப்பு என்பது பழைய சட்டம். தனியார் மருத்துவமனைகளில் மருத்துவர்கள் பலர் ஊழியர்கள் அல்லர், தனி ஒப்பந்தக்காரர்கள். அதைக் காட்டி மருத்துவமனைகள் நழுவுவது உண்டு. 2024 பிப்ரவரியில் கூட்டரசு நீதிமன்றம் அந்த வாசலையும் பெருமளவு அடைத்தது. நோயாளியைப் பராமரிக்கும் கடமை மருத்துவமனைக்கே உரியது, அதை இன்னொருவர் தலையில் கட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ள முடியாது என்று பெரும்பான்மைத் தீர்ப்பு கூறியது. ஆனால் தாதியர் விஷயத்தில் அந்தத் தீர்ப்புக்கு முன்பும் இந்தச் சிக்கல் இருந்ததில்லை.

அரசாங்க மருத்துவமனையில் ஒரு கூடுதல் முடிச்சு. 1956ஆம் ஆண்டின் அரசாங்க வழக்கு நடவடிக்கைச் சட்டப்படி, எந்த அதிகாரியின் தவற்றால் பாதிப்பு வந்தது என்று அடையாளம் காட்டி, அவருடைய பொறுப்பை நிலைநாட்டிய பிறகே அரசாங்கத்தைப் பொறுப்பாக்க முடியும். “அன்றைக்கு நைட் டூட்டியில் இருந்த யாரோ ஒரு மிஸ்ஸி” என்றால் வழக்கு தள்ளாடும். சட்டைப் பட்டையில் இருக்கும் பெயரை, தேதியை, மணியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். கைத்தொலைபேசியிலேயே எழுதி வைக்கலாம். சண்டை போடத் தேவையில்லை. வீக்கத்தையோ புண்ணையோ நாள்தோறும் படம் எடுத்து வையுங்கள்.

தாதியர் வழக்கின் உயிர் ஏடுகளில்தான் இருக்கிறது. இரத்த அழுத்தமும் நாடித்துடிப்பும் எழுதும் கவனிப்பு ஏடு, மருந்து கொடுத்த ஏடு, ட்ரிப் எவ்வளவு ஏறியது என்ற ஏடு, படுக்கையில் கிடப்பவரை எத்தனை மணிக்குப் புரட்டிப் படுக்க வைத்தார்கள் என்ற குறிப்பு. படுக்கைப்புண் வழக்கில் அந்தப் புரட்டிய குறிப்பு இல்லையென்றால் மருத்துவமனை பதில் சொல்லத் திணறும். எங்கள் மேட்ரன் அம்மா பேச்சுவாக்கில் ஒன்று சொன்னார்: “எழுதாத வேலை செய்யாத வேலை என்றுதான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்.” பேராக் சகோதரியின் வழக்கிலும் இதுதான் திருப்பம். சர்க்கரை நோயாளியின் கை என்பது உண்மை. ஆனால் சர்க்கரை நோய் என்று தெரிந்தே ட்ரிப் ஏற்றியவர்கள், வீக்கம் என்று சொன்ன பிறகு எத்தனை முறை வந்து ஊசி குத்திய இடத்தைப் பார்த்தார்கள்? ஊசி நழுவி மருந்து சதைக்குள் இறங்குவது எல்லா மருத்துவமனையிலும் நேரும். அதைக் கண்டுபிடித்து உடனே நிறுத்துவதுதான் தாதியின் வேலை. ஏடு அதைச் சொல்லும், அல்லது மௌனமாக இருக்கும். இரண்டுமே சாட்சிதான்.

அந்த ஏட்டை எப்படிப் பெறுவது? முதலில் மருத்துவ அறிக்கைக்கு எழுத்து மூலம் விண்ணப்பித்துக் கட்டணம் கட்டுங்கள். அறிக்கை வேறு, முழு ஏடு வேறு. தனியார் மருத்துவமனை விதிமுறைப்படி ஏடு மருத்துவமனையின் உடைமை. அதற்காக நமக்கு உரிமையே இல்லை என்று பொருளல்ல. வழக்கு தொடங்கும் முன்பே ஏடுகளைத் தரச்சொல்லி உத்தரவு கேட்க, 2012ஆம் ஆண்டின் நீதிமன்ற விதிகளில் இடம் உண்டு.

இந்த நாட்டில் பழைய வழக்கு ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். 1960இல் ஓர் அரசாங்க கிளினிக்கில் ஆயாவாக வேலை செய்த பெண் கணுக்காலில் புண் என்று தாதியிடம் சொன்னார். தாதி மருத்துவரிடம் அழைத்துப் போனார். பெனிசிலின் ஊசி போடப்பட்டது. ஒரு மணி நேரத்திற்குள் அந்தப் பெண் இறந்துவிட்டார். அவருடைய பழைய சிகிச்சை அட்டையில் பெனிசிலின் ஒத்துக்கொள்ளாது என்ற குறிப்பு இருந்தது. யாரும் கேட்கவில்லை, யாரும் பார்க்கவில்லை. அவருடைய தாயார் வழக்குப் போட்டு உயர்நீதிமன்றத்தில் வென்றார், அடுத்த நீதிமன்றத்தில் தோற்றார், 1967இல் லண்டன் பிரிவி கவுன்சிலில் மறுபடியும் வென்றார். அந்த அட்டை மட்டும் கிடைக்காமல் போயிருந்தால் அந்தத் தாயாரின் பேச்சை யார் நம்பியிருப்பார்கள்?

இன்னொன்று. சொல்லவே தயக்கமாக இருந்தாலும் சொல்லியாக வேண்டும். மருத்துவமனையில் இறப்பு நேர்ந்து சந்தேகம் இருந்தால், பிரேதப் பரிசோதனை வேண்டாம் என்று அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். அன்றைக்கே வீட்டுக்குக் கொண்டுபோய்க் காரியம் முடிக்க வேண்டும் என்று பெரியவர்கள் நெருக்குவது நமக்குப் பழகிய விஷயம். ஆனால் தகனம் முடிந்த பிறகு மரணத்தின் காரணத்தை யாராலும் தேட முடியாது.

வழக்கு தவிர வேறு கதவுகளும் இருக்கின்றன. தாதியர் 1950ஆம் ஆண்டின் தாதியர் சட்டத்தின் கீழ் மலேசியத் தாதியர் வாரியத்தில் பதிவு செய்து, ஆண்டுதோறும் பணிச் சான்றிதழ் புதுப்பிக்க வேண்டும். ஒழுங்கு நடவடிக்கை எடுக்க வாரியத்திற்கு அதிகாரம் உண்டு. ஆனால் அங்கே பணம் கிடைக்காது. தனியார் மருத்துவமனை ஒவ்வொன்றும் நோயாளியின் குறைகேட்கும் ஏற்பாடு வைத்திருக்க வேண்டும் என்பது 2006 மே மாதம் அமலுக்கு வந்த தனியார் சுகாதாரப் பராமரிப்புச் சட்டத்தின் கட்டளை. அங்கே திருப்தி இல்லையென்றால் சுகாதார அமைச்சின் தனியார் மருத்துவக் கட்டுப்பாட்டுப் பிரிவுக்குப் போகலாம். அரசாங்க மருத்துவமனைக்கு அமைச்சின் பொதுப் புகார் முறை இருக்கிறது. சில விவகாரங்களில் அமைச்சே கருணைத் தொகை கொடுத்துத் தீர்ப்பதும் உண்டு. அப்படி வந்தால் கையெழுத்துப் போடும் முன் தாளை வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

போலீஸ் புகார்? அலட்சியத்தால் மரணம் விளைவித்தல் தண்டனைச் சட்டம் 304ஏ பிரிவின் கீழ் குற்றம். ஆனால் குற்றவியல் வழக்கிற்குத் தேவையான நிரூபணம் மிகக் கடினம். நம்மில் பலர் புகார் கொடுத்ததோடு எல்லாம் செய்துவிட்டதாக நினைக்கிறோம். புகார் எண்ணை வைத்து இழப்பீடு வாங்க முடியாது. பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்கும் போகவேண்டாம். உடல் காயத்தையும் மரணத்தையும் அது விசாரிக்காது.

சிகிச்சைக்கு முன் கையெழுத்து வாங்கிய தாளைக் காட்டி, “நீங்கள்தான் சம்மதம் கொடுத்தீர்களே” என்பார்கள். சிகிச்சைக்குக் கொடுத்த சம்மதம் அலட்சியத்துக்குக் கொடுத்த சம்மதம் அல்ல. அதோடு, ஆபத்தை முன்கூட்டி விளக்குவது மருத்துவரின் தனிக் கடமை. 1982இல் கார் விபத்துக்குப் பிறகு நடந்த அறுவை சிகிச்சையில் உடல் செயலிழந்த ஒரு பெண்மணியின் வழக்கில், கூட்டரசு நீதிமன்றம் 2006 டிசம்பரில் இதை உறுதி செய்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள், 24 ஆண்டுகள். எல்லா வழக்கும் அவ்வளவு நீளாது என்றாலும், ஓரிரு ஆண்டில் முடியும் என்று யாராவது உறுதி தந்தால் சந்தேகப்படுங்கள்.

எவ்வளவு கிடைக்கும் என்ற கேள்வி வரும். பத்து லட்சம் ரிங்கிட் வரை செஷன்ஸ் நீதிமன்றம், அதற்கு மேல் உயர்நீதிமன்றம். பிறப்பின்போது மூளை பாதிக்கப்பட்ட குழந்தைக்கு வாழ்நாள் பராமரிப்பைக் கணக்கிட்டுப் பெருந்தொகை தீர்ப்பாகலாம். ஆனால் வேலை ஓய்வுபெற்ற எழுபது வயது அம்மா இறந்தால் கணக்கு மிகச் சிறியது. பிரிவுத் துயருக்கென்று சட்டம் குறித்த தொகை 2019இல்தான் 10,000 ரிங்கிட்டிலிருந்து 30,000 ரிங்கிட்டாக உயர்ந்தது. அதுவும் சட்டம் குறிப்பிடும் உறவினருக்கு மட்டும். ஓர் உயிருக்கு இவ்வளவுதானா என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. தோற்றால் எதிர்த்தரப்பின் செலவையும் நீதிமன்றம் நம் தலையில் கட்டலாம். ஆகவே முதலில் ஒரு சுயேச்சை நிபுணரின் கருத்தைப் பெறுவது முக்கியம். தாதிமை வழக்கென்றால் மருத்துவரோடு, அனுபவமுள்ள ஒரு தாதிமைப் பயிற்றுநரின் கருத்தும் தேவைப்படலாம். நண்பரின் நண்பர் மருத்துவர் என்பதற்காக அவர் நீதிமன்றப் படியேறிச் சாட்சி சொல்வார் என்று எண்ண வேண்டாம்.

கடைசியாக, வார்டு வாசலிலும் சாப்பாட்டுக் கடையிலும் வந்து நிற்கும் முகவர்களைப் பற்றி. “பணமே வேண்டாம் அண்ணே, ஜெயித்தால் முப்பது விழுக்காடு கொடுத்தால் போதும்” என்பார்கள். வென்றால் மட்டும் கூலி, கிடைப்பதில் பங்கு என்று வழக்கறிஞர் ஒப்பந்தம் செய்வதை 1976ஆம் ஆண்டின் வழக்கறிஞர் தொழில் சட்டம் தடை செய்கிறது. அப்படி நீட்டும் தாளில் ஐ.சி. எண்ணைக்கூட எழுதாதீர்கள். மருத்துவ அலட்சிய வழக்குகளில் பழக்கமுள்ள வழக்கறிஞர் யார் என்று கேட்டு, முதல் சந்திப்பிலேயே கட்டணத்தை எழுத்தில் வாங்குங்கள். போகும்போது தேதி வாரியாக ஒரு பக்கத்தில் நடந்ததை எழுதிக்கொண்டு போனால், அவருக்கும் நேரம் மிச்சம், உங்களுக்கும் காசு மிச்சம்.

தொலைபேசியில் நேயர்கள் காத்திருப்பதாகச் சொல்கிறார்கள். முதல் கேள்வி சுங்கை பட்டாணியிலிருந்து. ஐயா, நீங்கள் பதில் சொல்லுங்கள்.