படிக்க நேரம் வேண்டும்
(புழல் வாசகர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



புத்தகத்தைப் பற்றிப் பேசுவதற்கு இத்தனை பேர் கூடுவீர்கள் என்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். வாரம் முழுவதும் உழைத்தவனுக்குக் கிடைக்கிற ஒரு பொழுது. அதையும் விட்டுவிட்டு, செங்குன்றம் அரிசி ஆலைகளிலிருந்தும், மணலியிலிருந்தும், எண்ணூரிலிருந்தும், காவாங்கரை முகாமிலிருந்தும் வந்திருக்கிறீர்கள்.

கூட்டத்துக்கு அழைத்தபோது கேட்டது ஒன்றுதான். "உங்களுக்குப் பிடித்த புத்தகம் எது? எப்போது, எப்படிப் படித்தீர்கள்? வந்து சொல்லுங்கள்." சொன்னீர்கள். இரண்டு மணி நேரம் கேட்டுக்கொண்டிருந்தோம். கடைசியில் எங்களைப் பேசச் சொல்கிறார்கள். புதிதாகச் சொல்ல எங்களிடம் அதிகம் இல்லை. நீங்கள் சொன்னவற்றையே திரும்ப எடுத்துப் பார்க்கலாம்.

துறைமுகத்தில் மூட்டை தூக்கி ஓய்ந்த பெரியவர் முதலில் எழுந்தார். கார்க்கியின் 'தாய்' நாவலைக் கையில் வைத்திருந்தார். தொ.மு.சி. ரகுநாதன் தமிழில் தந்த புத்தகம். அட்டை போய்விட்டது, காக்கித் துணி ஒட்டித் தைத்திருக்கிறார். எத்தனை பேர் கைமாறியது என்று கணக்கில்லை என்றார். "உங்களுக்கு அதில் பிடித்த இடம் எது?" என்று கேட்டோம். மே தின ஊர்வலத்தைச் சொல்வார், செங்கொடியைச் சொல்வார் என்று நினைத்தோம். அவர் சொன்னது வேறு. அந்தத் தாய் வயதான காலத்தில், மகனுடைய தோழனிடம் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொள்கிறாள் அல்லவா, அந்த இடமாம். "நானும் முப்பது வயசுக்கு மேலேதான் படிக்கக் கத்துக்கினேன், தோழர். அந்த அம்மா வெக்கப்படுற எடத்துல எனக்கும் வெக்கமாப் போச்சு" என்றார். நாங்கள் அந்த நாவலைப் பல தடவை படித்தவர்கள். அந்த இடத்தில் நின்றதில்லை.

அடுத்து பேசியவர் அரிசி ஆலையில் நெல் அவித்து, களத்தில் காயப்போடும் அம்மா. பிழைப்புத் தேடி நாகப்பட்டினம் பக்கமிருந்து வந்தவர். "எனக்கு எழுத்து தெரியாதுங்க. ஆனா ஒரு புத்தகம் முழுசாப் படிச்சிருக்கேன்" என்று ஆரம்பித்தார். சிலர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. சோலை சுந்தரபெருமாளின் 'செந்நெல்' என்ற நாவல். பத்தாம் வகுப்புப் படிக்கும் மகள் இராத்திரியில் படிக்க, இவர் கேட்டிருக்கிறார். அது வெண்மணிக் கதை. கூலியில் அரைப்படி நெல் கூட்டிக் கேட்ட விவசாயத் தொழிலாளர்களின் குடும்பங்கள், 1968 டிசம்பர் 25 இரவில் ஒரே குடிசைக்குள் 44 பேராக எரிக்கப்பட்ட கதை. "அந்தப் புள்ள அழுதுட்டு நிறுத்தும். நிறுத்துற எடத்துல நான் மேல சொல்லுவேன். எங்க ஊர்ப் பக்கத்துக் கதை, எனக்குத் தெரியாதா?" என்றார். புத்தகம் பாதி, அம்மா பாதியாக அந்தக் குடிசையில் கதை நடந்திருக்கிறது. இதைப் படிப்பு என்று சொல்லாமல் வேறு எதைச் சொல்வது?

முகாமிலிருந்து வந்த ஐயா அதிகம் பேசவில்லை. கே. டானியலின் 'பஞ்சமர்' என்றார். யாழ்ப்பாணத்தில் சாதிக் கொடுமைக்கு எதிராக எழுந்த மக்களை எழுதிய நாவல். டானியல் 1986-ல் நம் தஞ்சாவூரில்தான் காலமானார் என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திராது. பிறகு ஐயா, 1981-ல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததைச் சொன்னார். ஏறக்குறைய 97,000 புத்தகங்கள். அவற்றோடு பழைய ஏட்டுச் சுவடிகள். "அப்ப எனக்குப் பத்தொன்பது வயசு. அடுத்த நாள் சாம்பல் பாக்கப் போனனாங்கள். அதுக்குப் பிறகு ஒரு புத்தகத்தைக் கையிலை எடுத்தா, முதலிலை மணந்துதான் பாப்பன்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

நாலாவதாக ஒரு வாலிபர். கிடங்கில் ஒப்பந்த வேலை. பெட்டிகளைப் பிரித்து அடுக்குவது. பிடித்த புத்தகம் எது தம்பி என்று கேட்டோம். "நான் படிக்கிறதே இல்ல தோழர். பொய் சொல்லக் கூடாதுன்னுதான் வந்தேன். வேலை முடிஞ்சு பஸ் ஏறினா தூக்கம் வந்துடும். போன வருஷம் நீங்க குடுத்த புத்தகம் இன்னும் முதல் பக்கத்துலயே இருக்கு" என்றார்.

இன்று பேசியவர்களில் மிக முக்கியமான விஷயத்தைச் சொன்னவர் அந்தத் தம்பிதான் என்பது எங்கள் அபிப்பிராயம்.

அதற்கு முன் எங்கள் குற்றத்தை ஒப்புக்கொள்கிறோம். அவருக்கு நாங்கள் கொடுத்தது ஐந்நூறு பக்கத் தத்துவப் புத்தகம். இரவு ஷிப்டு முடித்து வருகிறவன் கையில் அதைக் கொடுத்துவிட்டு, "படிச்சியா, படிச்சியா?" என்று பார்க்கும்போதெல்லாம் கேட்டோம். விளைவு என்ன? எங்களைக் கண்டால் அவர் அடுத்த தெருவில் திரும்பினார். துப்பறியும் கதை படிக்கிறவர்களை இளக்காரமாகப் பார்த்ததும் உண்டு. தமிழ்வாணனின் சங்கர்லாலைத் தொடர்ந்துதான் எத்தனையோ பேர் எழுத்துக் கூட்டப் பழகினார்கள். அவர்களில் பலர் பின்னால் தொழிற்சங்கத்தின் மினிட் புத்தகம் எழுதினார்கள். எந்த வாசலில் நுழைந்தால் என்ன, உள்ளே வந்தால் சரி.

கேட்பதும் படிப்புதான்

இனி விஷயத்துக்கு வருவோம். படித்த வர்க்கத்துக்கு ஒரு படம் மனதில் இருக்கிறது. ஒரு நாற்காலி, ஒரு விளக்கு, ஒரு மனிதர், நிசப்தம். அதுதான் படிப்பு என்று நினைக்கிறார்கள். நம் வர்க்கம் அப்படிப் படித்ததில்லை. ஒருவர் வாசிக்க, பத்துப் பேர் கேட்டார்கள். டீக்கடைப் பலகையில், முடிதிருத்தும் கடையில், ஆலை வாசலில்.

கூபா நாட்டுச் சுருட்டுத் தொழிற்சாலைகளைப் பாருங்கள். 1865-ல் ஹவானாவில் ஆரம்பித்தது அந்தப் பழக்கம். தொழிலாளிகள் உட்கார்ந்து புகையிலை சுருட்ட, நடுவில் உயரமான மேடையில் ஒருவர் அமர்ந்து பத்திரிகையும் நாவலும் உரக்க வாசிப்பார். அவருக்குச் சம்பளம் முதலாளி கொடுக்கவில்லை. தொழிலாளிகள் தங்கள் கூலியிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். எந்தப் புத்தகம் என்பதையும் அவர்களே முடிவு செய்தார்கள். மறுவருஷமே ஸ்பானிய சர்க்கார் அதற்குத் தடை போட்டது. ஏன் தடை? உரக்க வாசித்தால் எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கும் விஷயம் தெரிந்துவிடுகிறது. தெரிந்ததும் பக்கத்தில் இருப்பவனோடு அதைப் பற்றிப் பேசுகிறான். தடை நிலைக்கவில்லை, வாசிப்பு நிலைத்தது. நமக்குப் பக்கத்தில், கண்ணூர் பீடித் தொழிலாளிகளிடமும் இதே வழக்கம் இருந்தது. ஒருவர் பத்திரிகை வாசிப்பார். அவர் சுற்ற வேண்டிய பீடியை மற்றவர்கள் சுற்றிக் கொடுப்பார்கள்.

பீடிக் கம்பெனியில் சத்தமில்லை, அங்கே வாசிக்கலாம். பஞ்சாலையில் தறி ஓடும்போது பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் காது கேட்காது, அங்கே எப்படி என்று கேட்பீர்கள். சரியான கேள்வி. பெரம்பூர் மில் தொழிலாளிகள் வேலை முடிந்து வெளியே வந்து கேட்டார்கள். அங்கே வேங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபை என்று ஒன்று இருந்தது. செல்வபதி செட்டியார், இராமாநுஜலு நாயுடு என்ற இருவர் அதை நடத்தினார்கள். பக்திப் பிரசங்கம் நடக்கும் இடம். அந்தப் பிரசங்கம் கேட்க வந்த மில் தொழிலாளிகள் மெல்ல மெல்லத் தங்கள் குறைகளையும் சொல்லத் தொடங்கினார்கள். பகல் சாப்பாட்டுக்கு விடும் நேரம் போதவில்லை என்பது அவற்றில் ஒன்று. அந்த இருவரும் வாடியாவிடம் போனார்கள், திரு.வி.க. வந்தார். 1918 ஏப்ரல் 27-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று சரித்திரத்தில் எழுதப்பட்டிருப்பது, ஒரு பிரசங்கக் கூட்டத்தின் திண்ணையில் முளைத்தது. 1996-ல் அந்த மில்லே மூடப்பட்டுவிட்டது. ஆனால் நாலு பேர் உட்கார்ந்து கேட்கிற இடம் எதுவும் லேசானதல்ல என்பதற்கு அந்தத் திண்ணை சாட்சி.

நேரம் எப்படி வந்தது?

கேட்பதற்கும் நேரம் வேண்டுமே! கிடங்குத் தம்பியின் பிரச்னை அதுதான். படிக்கும் நேரம் யாரும் நமக்குத் தானமாகக் கொடுத்ததல்ல. 1911-ம் ஆண்டுச் சட்டம் பஞ்சாலையில் வயது வந்த ஆணுக்கு ஒரு நாளைக்கு 12 மணி நேரம் என்றது. அதுவே அன்றைக்குச் சலுகை! 1922-ல் வாரத்துக்கு 60 மணி. 1934-ல் 54 மணி. 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தில் 48 மணி. ஒவ்வொரு எண்ணுக்கும் இடையில் எத்தனை வேலைநிறுத்தம், எத்தனை பேர் சிறை என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அறுபதிலிருந்து நாற்பத்தெட்டைக் கழித்தால் பன்னிரண்டு. வாரத்துக்குப் பன்னிரண்டு மணி நேரம். அதில்தான் இரவுப் பள்ளி வந்தது, வாசகசாலை வந்தது, துறைமுகப் பெரியவர் முப்பது வயதுக்கு மேல் எழுத்துக் கற்றதும் வந்தது.

மீனவர் குடும்பத்தில் பிறந்த சிங்காரவேலர், வீடு நிறையப் புத்தகம் சேர்த்தவர். அவர்தான் 1923 மே 1-ல் சென்னைக் கடற்கரையில் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடினார். அதே வருஷம் 'தொழிலாளன்' என்ற பத்திரிகையும் நடத்தினார். மே தினமும் பத்திரிகையும் ஒரே கையிலிருந்து வந்தது தற்செயலா? எட்டு மணி வேலை இல்லாவிட்டால் பத்திரிகையை யார் படிப்பது?

சரியாக நூறு வருஷம் கழித்து என்ன நடந்தது? 2023 ஏப்ரல் 21-ல் தமிழ்நாடு சட்டமன்றத்தில், ஒரு நாள் வேலையை 12 மணி வரை நீட்ட வழிசெய்யும் திருத்தம் நிறைவேறியது. சங்கங்கள் எல்லாம் ஒன்றாக எதிர்த்தன. நாலே நாளில் நிறுத்திவைத்தார்கள். மே தினத்தன்று வாபஸ் என்று முதலமைச்சர் அறிவித்தார். வெற்றிதான். ஆனால் அந்தத் தம்பியைக் கேளுங்கள். காகிதத்தில் எட்டு மணி. ஓவர்டைமும் பஸ் பிரயாணமும் சேர்ந்தால் பதின்மூன்று, பதினாலு. சட்டப் புத்தகத்தில் வாபஸ் ஆனது அவர் முதுகிலிருந்து வாபஸ் ஆகவில்லை.

மதிலுக்கு உள்ளே, வெளியே

இந்த ஊரில் ஒரு விசித்திரத்தைக் கவனித்தீர்களா? 2006-லிருந்து புழல் என்றாலே ஊரார் வாயில் வருவது மத்திய சிறை. 2023 ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சியில் சிறைத்துறை 'கூண்டுக்குள் வானம்' என்று ஒரு அரங்கு போட்டு, கைதிகளுக்காகப் புத்தகம் கேட்டது. ஜனங்கள் கொடுத்தார்கள். நல்ல காரியம். நம் தலைவர்கள் பலர் சிறைக்குள்தான் படித்தார்கள், எழுதினார்கள்; சிறைப் புத்தகத்தின் அருமை நமக்குத் தெரியும். ஆனால் அந்த மதிலுக்கு உள்ளே நேரம் இருக்கிறது, புத்தகம் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. மதிலுக்கு வெளியே புத்தகம் கிடைக்கிறது, நேரத்தைக் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. ஒரு மனிதன் அமைதியாகப் படிக்க வேண்டுமானால் சிறைக்குத்தான் போக வேண்டுமா?

நூலகம் இல்லையா என்பார்கள். இருக்கிறது. சுதந்திர இந்தியாவில் 1948-ல் சென்னை ராஜதானியில்தான் பொது நூலகச் சட்டம் முதலில் வந்தது; அதற்கு அடிகோலியவர் எஸ்.ஆர். ரங்கநாதன். சொத்துவரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரி. வாடகை வீட்டில் இருக்கிறவனும் வாடகையோடு சேர்த்து அதைக் கொடுக்கிறான். ஆகையால் நூலகம் நம் பணம். ஆனால் நாம் ஆலைக்குள் இருக்கும் நேரத்தில் அது திறந்திருக்கிறது. நாம் வெளியே வரும்போது பூட்டு தொங்குகிறது. கோட்டூர்புரத்தில் பெரிய நூலகம் இருக்கிறது, வாஸ்தவம். இங்கிருந்து போய்வர அரைநாள் கூலி போய்விடும்.

இதற்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. 1931-ல் மன்னார்குடிப் பக்கம் கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றிக் கிராமம் கிராமமாக அனுப்பினார். வயலில் இருக்கிறவன் நூலகத்துக்கு வர முடியாது, நூலகம் வயலுக்குப் போகட்டும் என்பது அந்த யோசனை. மாட்டுவண்டியால் முடிந்தது, லாரிகள் ஓயாமல் ஓடும் இந்த ஜி.என்.டி. சாலையில் ஒரு வேனால் முடியாதா?

ஆகவே இன்று இரண்டு காரியம் செய்கிறோம். கிளை நூலகத்தை இரவு ஒன்பது மணி வரை திறக்க வேண்டும், வாரத்தில் ஒரு நாளாவது வண்டி அரிசி ஆலைக் களங்களுக்கு வர வேண்டும் என்று மாவட்ட நூலக அதிகாரிக்கு ஒரு மனு. வாசலில் வைத்திருக்கிறோம்; கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். ரேகை வைக்கிறவர்கள் வெட்கப்பட வேண்டாம். 'தாய்' படித்தவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார், பெயர் எழுதக் கற்றுத் தருவார்.

இரண்டாவது, அடுத்த ஞாயிறு ஆறு மணிக்கு இதே இடத்தில் உரக்க வாசிப்பு. ஒரு மணி நேரம், அதற்கு மேல் ஒரு நிமிஷம் இல்லை. 'செந்நெல்' முதல் அத்தியாயத்திலிருந்து. அரிசி ஆலை அம்மாவின் மகள் வாசிக்கச் சம்மதித்திருக்கிறாள். அவள் நிறுத்துகிற இடத்தில் அம்மா மேலே சொல்வார். அதற்கடுத்த வாரம் 'பஞ்சமர்'. முகாம் ஐயா தம் பேச்சிலேயே வாசிப்பார். கிடங்குத் தம்பி வர வேண்டும். தூக்கம் வந்தால் தூங்கட்டும். யாரும் எழுப்பக் கூடாது. எந்தப் பக்கத்தில் தூங்கினார் என்று ஒருவர் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், விழித்ததும் அங்கிருந்து சொல்லிவிடலாம். பாய் போதாது, வீட்டிலிருந்து ஆளுக்கொன்று கொண்டுவாருங்கள்.