சேமநிதி நம் கூலியின் பங்கு

(கம்போங் ராஜாவில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கொழுந்து நிறுத்துக் கொடுத்த களைப்போடு வந்து அமர்ந்திருக்கிறீர்கள். ஆகையால் ஒரே விஷயத்தைச் சொல்லி முடிக்கிறோம். ஊழியர் சேமநிதி முதலாளி இரங்கிக் கொடுக்கும் தருமமன்று. நாம் உழைத்து ஈட்டிய கூலியில் முதுமைக்கென நிறுத்தி வைத்த பங்கு அது. கையில் வாங்கும் கூலியை எண்ணிப் பார்க்கிறோமே, இந்தப் பங்கையும் எண்ணிப் பார்க்க வேண்டாமா?

நம் பாட்டன்மார் காலத்தில் கை தளர்ந்தால் வேலையும் போகும், லயத்து வீடும் போகும். பிள்ளைகளின் தயவே கதி. அந்த நிலையை மாற்றத்தான் நாடு விடுதலை பெறுவதற்கு முன்பே, 1951 அக்டோபர் முதல் தேதி, சேமநிதிச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. இந்தியாவில் 1952-லும், சிங்கப்பூரில் 1955-லும், இலங்கையில் 1958-லும் இத்தகைய நிதிகள் பிறந்தன. தொடக்கத்தில் தொழிலாளி நூற்றுக்கு ஐந்து, முதலாளி நூற்றுக்கு ஐந்து என்றே இருந்தது. இன்று அறுபது வயதுக்குட்பட்ட தொழிலாளி 11 விழுக்காடு செலுத்துகிறார். 5,000 வெள்ளி வரை சம்பளமுள்ளவருக்கு முதலாளி 13 விழுக்காடு செலுத்த வேண்டும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 2025-இல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி ஆயிற்று. அதில் நம் பங்கு 187, முதலாளி பங்கு 221. ஆக மாதம் 408 வெள்ளி. ஓராண்டுக்கு 4,896 வெள்ளி. இலாப ஈவு இதற்கு மேல். வழக்கமான சேமிப்புக்கு 2.5 விழுக்காட்டுக்குக் குறையாத ஈவைச் சட்டமே உறுதி செய்கிறது; 2024-ஆம் ஆண்டுக்குக் கிடைத்தது 6.3 விழுக்காடு. ஒரு மாதப் பணம் கட்டப்படாமல் போனால் அந்த 408 வெள்ளி மட்டுமா போகிறது? அது ஆண்டாண்டாய்ப் போடும் குட்டியும் சேர்ந்தே போகிறது.

“நீ நாள்கூலி, உனக்குச் சேமநிதி கிடையாது” என்று சொல்வாருண்டு. நம்பாதீர்கள்! நாள்கூலியானாலும், எடைக்கூலியானாலும், குத்தகைக்காரரிடம் வேலை செய்தாலும், ஒருவரின் கீழ் கூலிக்கு உழைப்பவர் தொழிலாளியே. முதலாளி தம் பங்கை நம் சம்பளத்தில் பிடிப்பது குற்றம். நம் பங்கைப் பிடித்துக்கொண்டு கட்டாமல் விடுவது அதனினும் பெருங்குற்றம். அதற்கு ஆறாண்டு வரை சிறையோ, 20,000 வெள்ளி வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு. ஒரு மாதச் சம்பளத்துக்குரிய தொகை அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்டப்பட வேண்டும்.

ஆகவே சம்பளச் சீட்டை அடுப்பில் போடாதீர்கள். அதில் பிடித்த தொகையும் சேமநிதிக் கணக்கில் ஏறிய தொகையும் ஒத்திருக்கின்றனவா என்று பாருங்கள். இன்று கைத்தொலைபேசியிலேயே கணக்கைப் பார்க்கலாம். பார்க்கத் தெரியாத மூத்தவர்களுக்கு, இவ்வுரையைப் பத்திரிகையில் வாசிக்கும் கிராணிமார்களும் படித்த இளைஞர்களும் பார்த்துச் சொல்லுங்கள். பால்வெட்டும் தோழர்கள் வாழும் தோட்டங்களிலும் இதுவே செய்யத்தக்க தொண்டு.

அடுத்தது வாரிசு நியமனம். வேலைக்குச் சேர்ந்த வயதில் தாயின் பெயரை எழுதியிருப்போம். பிறகு மனைவி மக்கள் வந்தும் மாற்றியிருக்க மாட்டோம். பெயரே எழுதாதவர் இறந்தால், குடும்பம் துக்கத்தோடு பத்திரங்களையும் தூக்கிக்கொண்டு அலைய நேரும். சிம்பாங் பூலாய்ச் சாலையில் ஈப்போவுக்கு இறங்கும்போது, சேமநிதி அலுவலகத்துக்கும் ஒரு நடை போய் வாருங்கள்.

சொந்தமாகக் காய்கறி பயிரிடுவோரும், பலகாரம் விற்போரும், நிலையான சம்பளமில்லாதோரும் வருந்த வேண்டாம். அவர்களுக்கென ஐ-சாரான் திட்டம் இருக்கிறது. பதிந்துகொண்டு தாமாகப் பணம் போட்டால், 2025 முதல் அரசாங்கம் அதற்கு 20 விழுக்காடு சேர்த்துத் தருகிறது. உச்ச அளவு ஆண்டுக்கு 500 வெள்ளி, வாழ்நாளில் 5,000 வெள்ளி. 2,500 வெள்ளி போட்டவர் அந்த 500-ஐ முழுமையாகப் பெறுவார். அவ்வளவு முடியாதவர் நூறு வெள்ளி போட்டாலும் அதற்கு இருபது வெள்ளி உண்டு.

தோழர்களே, கொரோனாக் காலத்தில், 2020 முதல் 2022 வரை, நாடெங்கும் சேமநிதியிலிருந்து எடுக்கப்பட்ட தொகை 14,500 கோடி வெள்ளி. வயிற்றுக்கில்லாமல் எடுத்தவரை யார் குறை சொல்ல முடியும்? ஆனால் அந்தப் பள்ளம் தானாக நிரம்பாது. இனி வர வேண்டிய ஒவ்வொரு காசும் வந்து சேர்கிறதா என்று காவல் காப்பதே வழி.

அடுத்த சம்பள நாளுக்கு முன் இங்கிருக்கும் ஒவ்வொருவரும் தத்தம் கணக்கைப் பார்த்துவிடுங்கள். குறை கண்டால் ஒளிக்காமல் சீட்டோடு சங்கத்துக்கு வாருங்கள். தனியாள் கேட்டால் தட்டிக் கழிப்பார்கள். சேர்ந்து கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும்.