ஆங்கிலத் தொடர்வினையும் தமிழ்க் கூட்டுவினையும்



மொழி மன்றத்தின் மேடையில் ஆங்கில இலக்கணம் பேசுவானேன் என்னும் வினா உங்களுள் சிலர்க்கு எழலாம். நம் தமிழ்ப்பள்ளி மாணவர் ஒரே நாளில் தமிழும் மலாயும் ஆங்கிலமும் பயில்கின்றனர். ஒரு மொழியின் பாடவேளை தொடங்கும்போது மற்ற இரண்டையும் வகுப்புக்கு வெளியே விட்டுவர எந்தக் குழந்தையாலும் இயலாது. ஆங்கிலத்தில் பிழை நேரும்போதெல்லாம் 'தமிழில் நினைப்பதால் வந்த கேடு' என்று சொல்லும் வழக்கம் நம்மிடையே உண்டு. அக்கூற்றில் ஒரு பாதி உண்மை இருக்கிறது. அவ்வுண்மையையும், அது மறைத்துவிடும் மறுபாதியையும் ஒரே ஓர் இலக்கணக் கூறினைக் கொண்டு விளக்க முற்படுகிறேன்.

ஆங்கிலத்தில் 'ஃபிரேசல் வெர்ப்' எனப்படுவதை இவ்வுரையில் 'தொடர்வினை' என்று அழைப்போம். எளிய வினைச்சொல் ஒன்றுடன் 'அப்', 'ஆஃப்', 'அவுட்', 'ஆஃப்டர்' போன்ற சிறுசொல் சேர்ந்து, இரண்டும் தனித்தனியே தாராத புதுப்பொருளைத் தருவது அது. சாமுவேல் ஜான்சன் 1755இல் வெளியிட்ட தம் அகராதியின் முன்னுரையிலேயே, பிறமொழியாளர்க்குப் பேரிடர் தருவது இவ்வகைச் சொற்சேர்க்கை என்று குறித்துச் சென்றார். ஆயினும் இதற்கு இன்று வழங்கும் பெயர், லோகன் பியர்சால் ஸ்மித் 1925இல் எழுதிய நூலின் வழியாகவே பரவியது. அப்பெயரைத் தமக்குத் தந்தவர் அகராதி அறிஞர் ஹென்றி பிராட்லி என்று அவர் குறிப்பிடுகிறார். ஆகவே, இவ்வினைகளைக் கண்டு நம் மாணவர் மருள்வதில் வியப்பில்லை.

ஆனால், தமிழ் பேசும் குழந்தைக்கு இது முற்றிலும் புதிய பொருளா? 'பார்' என்பதற்கும் 'பார்த்துக்கொள்' என்பதற்கும் உள்ள வேறுபாட்டை நம் வீட்டுக் குழந்தை ஐந்து வயதிற்குள் அறிந்துவிடுகிறது. 'ஆயா குழந்தையைப் பார்த்தார்' என்பது ஒன்று. 'ஆயா குழந்தையைப் பார்த்துக்கொண்டார்' என்பது வேறொன்று. பால்வெட்டுக்குச் சென்ற தாய்மார் தம் பிள்ளைகளை ஆயாக்கொட்டகையில் விட்டுச் சென்ற காலத்தை அறிந்தவர்க்கு, இவ்விரு தொடர்களுக்கும் இடையிலுள்ள தூரம் நன்கு விளங்கும். ஆங்கிலத்தில் 'லுக் அட்' என்பது முன்னது. 'லுக் ஆஃப்டர்' என்பது பின்னது. மலாய்மொழியோ பார்ப்பதற்குத் 'தெங்கோக்' என்றும், பாதுகாத்துப் பேணுவதற்கு 'ஜாகா' என்றும் வெவ்வேறு சொற்களை வைத்திருக்கிறது. பார்த்தல் வினையே பேணுதல் வினையாக வளரும் என்பதை மாணவனுக்கு உணர்த்த அவன் தாய்மொழியே அருகில் நிற்கிறது.

இத்தகைய ஒப்புமைகள் பல உள. 'புட் ஆஃப்' என்பதில் 'புட்' என்றால் போடு. தமிழிலும் அது 'தள்ளிப்போடு'தான். 'செட் அசைட்' என்பது 'ஒதுக்கிவை'. 'கோ அலாங் வித்' என்பது 'ஒத்துப்போ'. சொல்லின் தரத்திலும் ஒப்புமை தொடர்கிறது. நண்பனிடம் 'கூட்டத்தைத் தள்ளிப்போட்டார்கள்' என்கிறோம். அறிக்கையில் 'கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது' என்று எழுதுகிறோம். ஆங்கிலத்திலும் பேச்சில் 'புட் ஆஃப்' என்றும் அலுவல் கடிதத்தில் 'போஸ்ட்போன்' என்றும் வருவதே பெரும்பான்மை. எச்சொல் எவ்விடத்திற்கு உரியது என்னும் உணர்வைத் தமிழில் பெற்ற மாணவன் அதனை ஆங்கிலத்திற்கும் கொண்டுசெல்லலாம்.

இனி, 'கண்டுபிடி' என்னும் வினையைக் காண்போம். 'திருடனைக் கண்டு பிடித்தான்' என்று இடம்விட்டு எழுதினால், கண்ணால் கண்டான், கையால் பிடித்தான் என இரு செயல்கள். 'கண்டுபிடித்தான்' என்று சேர்த்தெழுதினால் ஒரே செயல். ஆங்கிலத்திலும் இந்நிலை உண்டு. 'ரன் அப் எ ஹில்' என்றால் குன்றின்மேல் ஓடுதல். 'ரன் அப் எ பில்' என்றால் கடனை ஏற்றிக்கொண்டே போதல். முன்னதில் 'அப்' குன்றோடு சேர்கிறது. பின்னதில் வினையோடு சேர்கிறது. தொடர்வினையைப் பிரித்துப் பிரித்துப் பொருள் தேடாமல் முழுமையாகக் கொள்ளவேண்டும் என்பதற்கு இதனினும் தெளிவான பாடம் இல்லை.

பொருளைப் பொறுத்தமட்டில் தமிழ் துணை நிற்கிறது. சொல் நிற்கும் இடத்தைப் பொறுத்தமட்டில் அத்துணை முடிந்துவிடுகிறது. 'தள்ளிப்போடு' என்பதன் நடுவே தமிழில் செயப்படுபொருள் நுழையாது. 'தேர்வைத் தள்ளிப்போட்டார்', 'அதைத் தள்ளிப்போட்டார்' என்று முன்னே நின்றுவிடும். ஆங்கிலத்தில் 'புட் ஆஃப் தி டெஸ்ட்' என்பதும் சரி, 'புட் தி டெஸ்ட் ஆஃப்' என்பதும் சரி. ஆனால், பெயருக்குப் பதிலாக 'இட்', 'தெம்' போன்ற சுட்டுப்பெயர் வந்தால் அது நடுவில்தான் நிற்கவேண்டும்: 'புட் இட் ஆஃப்'. 'புட் ஆஃப் இட்' என்பது பிழை. 'லுக் ஆஃப்டர்' போன்றவையோ பிரியா வினைகள். 'லுக் ஆஃப்டர் ஹெர்' என்றே சொல்லவேண்டும். எது பிரியும், எது பிரியாது என்பதை ஒவ்வொரு வினையோடும் சேர்த்தே மனத்தில் பதிக்கவேண்டும். ஆசிரியர்கள் மிகுதியாக நேரம் செலவிடவேண்டிய இடம் இதுவே.

நம் நாட்டில் எங்கும் கேட்கும் 'ஆஃப் தி லைட்' என்னும் வழக்கையும் நோக்குவோம். எல்லா இனத்தவர் பேச்சிலும் இது உண்டு. நம் மாணவரிடத்தில் இதற்குத் துணைபோவது 'லைட்டை ஆஃப் பண்ணு' என்னும் கலப்புப் பேச்சு. அதில் 'ஆஃப்' பொருளைத் தருகிறது. 'பண்ணு' வினையாக நின்று தாங்குகிறது. ஆங்கிலத்திற்குச் செல்லும்போது 'பண்ணு' உதிர்ந்துவிட, அவ்விடம் வெறுமையாகிறது. அங்கே 'டர்ன்' அல்லது 'சுவிட்ச்' வந்து நின்றால் தொடர் நிறைவுறும். 'விளக்கை அணை' என்று சொல்லிப் பழகிய பிள்ளைக்கு, முழுமையான வினை ஒன்று வேண்டும் என்பது எளிதில் புலப்படும். தமிழைத் தமிழாகப் பேசுதல் ஆங்கிலத்திற்கும் நன்மை செய்யும் என்பதற்கு இது ஒரு சான்று.

மற்றொன்று: தங்கையை உடன் அழைத்துச் சென்று பள்ளியில் விட்டு வந்தவன் 'ஐ சென்ட் மை சிஸ்டர் டு ஸ்கூல்' என்கிறான். மலாய்மொழியின் 'ஹந்தார்' என்னும் சொல் அனுப்புதல், கொண்டுபோய் விடுதல் இரண்டையும் குறிப்பதன் செல்வாக்கு இது. தமிழோ 'அனுப்பினேன்' என்பதையும் 'கொண்டுபோய் விட்டேன்' என்பதையும் வேறுபடுத்துகிறது. அவ்வேறுபாட்டை நினைவூட்டினால், 'டிராப் ஆஃப்' என்னும் தொடர்வினை தனக்கு ஏன் தேவை என்பதை மாணவன் தானே உணர்வான்.

கடிதங்களின் இறுதியில் 'லுக் ஃபார்வர்ட் டு மீட் யூ' என்று எழுதுவது பரவலான பிழை. 'எதிர்பார்' என்னும் நம் சொல்லிலும் 'எதிர்' என்பதும் 'பார்' என்பதும் உள்ளன. 'தங்களைச் சந்திப்பதை எதிர்பார்க்கிறேன்' என்னும்போது 'சந்திப்பது' பெயர்த்தன்மை பெற்று வேற்றுமை உருபை ஏற்கிறது. ஆங்கிலத்திலும் அவ்விடத்தில் பெயராகிய வடிவமே வேண்டும்: 'லுக் ஃபார்வர்ட் டு மீட்டிங் யூ'.

தமிழ் வழிதவறச் செய்யும் இடமும் உண்டு. 'அதைப் பற்றி விவாதித்தோம்' என்னும் தொடரின் 'பற்றி'யைப் பெயர்த்து 'டிஸ்கஸ் அபவுட்' என்று எழுதிவிடுகின்றனர். 'டிஸ்கஸ்' தனித்தே நிற்கும். 'கோப் வித்' என்பதற்கிடையில் 'அப்' சேர்ப்பதும் தேவையற்றது. ஒப்பிட்டுக் கற்பிக்கும் ஆசிரியர் இவ்வேற்றுமைகளையும் மறையாமல் காட்டவேண்டும்.

நடைமுறைக்கு ஒரு வழி கூறுவேன். வாரத்திற்கு 5 தொடர்வினைகள் போதும். 40 வாரத்தில் 200 சேர்ந்துவிடும். ஒவ்வொன்றுக்கும் தமிழில் நேரான கூட்டுவினையையோ முழுப்பொருளையோ எழுதச் செய்க. பின்னர்ப் பெயர்ச்சொல் வைத்து ஒரு வாக்கியமும், சுட்டுப்பெயர் வைத்து ஒரு வாக்கியமும் அமைக்கச் செய்க. அவ்வாக்கியங்கள் மாணவர் அறிந்த வாழ்விலிருந்து வரட்டும்: மழையால் பால்வெட்டைத் தள்ளிப்போட்டது, பாட்டி தம்பியைப் பார்த்துக்கொண்டது, தந்தை புகைப்பதைக் கைவிட்டது.

மாணவச் செல்வங்களே, உங்கள் தாய்மொழி ஆங்கிலத்திற்குத் தடை என்று எவரேனும் கூறினால், 'பார்த்துக்கொள்' என்னும் ஒரு சொல்லை அவர்முன் வையுங்கள். ஆசிரியப் பெருமக்களே, ஆங்கில வகுப்பில் ஒரு தமிழ்ச்சொல் எழும்போது அதனை அடக்கிவிடாமல், அது எதுவரை உடன்வரும், எங்கே நின்றுவிடும் என்று கேட்டுப் பாருங்கள். தன் மொழியின் அமைப்பை அறிந்த பிள்ளை பிறமொழியின் அமைப்பையும் அச்சமின்றி ஆராயும்.