உறுமி அடித்த கைகள்

(அரியலூரில் ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



கூலியைப் பற்றிப் பேசத்தான் கூடியிருக்கிறோம். அதற்கு முன் ஓர் இசைத்தட்டைப் பற்றிக் கொஞ்சம் பேசப் போகிறோம். "இங்கிலீஷ் பாட்டுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?" என்று எறையூர்ச் சர்க்கரை ஆலைத் தோழர் ஒருவர் வாசலிலேயே கேட்டார். நியாயமான கேள்விதான்.

பாடியவர் நம் மொழிக் குடும்பத்துப் பெண். மாதங்கி அருள்பிரகாசம் என்பது பெயர், உலகம் எம்.ஐ.ஏ. என்று அழைக்கிறது. 1975-ல் லண்டனில் பிறந்து, கைக்குழந்தையாக யாழ்ப்பாணம் வந்து, யுத்தத்தின் நடுவே வளர்ந்து, 1986 வாக்கில் தாயோடு லண்டனுக்கே அகதியாகத் திரும்பியவர். தாய் துணி தைத்துப் பிள்ளைகளைக் காப்பாற்றினார். 2005-ல் வந்த முதல் இசைத்தட்டுக்குத் தந்தையின் பெயரை வைத்தார்: 'அருளர்'. 2007-ல் வந்ததற்குத் தாயின் பெயர்: 'கலா'. அந்தக் 'கலா'வைப் பற்றித்தான் இந்தப் பேச்சு.

அதிலுள்ளது ராப். தாளத்தின் மேல் ஏறி நின்று பேசுவது. 1970-களில் நியூயார்க் நகரின் ஏழைப் பகுதியில், கறுப்பின இளைஞர்களிடையே வளர்ந்த கலை. நடவு வயலில் ஒருத்தி அடி எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுவதைக் கேட்டவர்களுக்கு இது விளங்காத வித்தை அல்ல.

அமெரிக்கா சென்று டிம்பலாண்ட் என்ற பெரிய இசையமைப்பாளரோடு வேலை செய்வது என்பதுதான் திட்டம். 2006-ல் அமெரிக்க விசா கிடைக்கவில்லை. விசா என்றதும் இங்கே எத்தனை தலைகள் நிமிர்கின்றன! ஏஜெண்டிடம் பணத்தைக் கட்டிவிட்டுக் காத்திருக்கும் வீடு இல்லாத தெரு நம் பெரம்பலூர்ப் பக்கத்தில் உண்டா?

கதவு சாத்தப்பட்டதும் அவர் சும்மா உட்காரவில்லை. இந்தியா, டிரினிடாட், ஜமைக்கா, ஆஸ்திரேலியா என்று சுற்றினார். சென்னைக்கு வந்தபோது உறுமி மேளக்காரர்களைக் கூட்டி அடிக்கச் சொன்னார். வளைந்த குச்சியால் தோலைத் தேய்க்க, மாடு உறுமுவதுபோல் எழும்புமே, அதே உறுமி! 'பேர்ட் ஃப்ளூ' என்ற பாட்டில் அது முழங்குகிறது. ஆஸ்திரேலியாவில் வில்கேனியா என்ற ஊரின் ஆதிக்குடிச் சிறுவர்கள் ஆற்றில் மீன் பிடிப்பதைப் பற்றி முன்பே பாடியிருந்தார்கள்; அதில் இவர் குரலும் சேர்ந்தது. நைஜீரியக் குடும்பத்து லண்டன் இளைஞர் 'ஆஃப்ரிகன் பாய்' இன்னொரு பாட்டில் வருகிறார். டிம்பலாண்டுக்குக் கிடைத்தது கடைசிப் பாட்டு.

இத்தனையும் அழுகையாக இல்லை; ஆடவைக்கிறது. கஷ்டத்தைச் சொல்லும் பாட்டு ஒப்பாரியாகவே இருக்கவேண்டுமென்று நம்மில் சிலர் நினைக்கிறோம். நாள் முழுதும் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வெந்தவன் திருவிழாக் கொட்டுக்கு ஆடுவதில்லையா?

'பேப்பர் பிளேன்ஸ்' என்ற பாட்டு விசா அலைச்சலிலிருந்தே பிறந்தது. பிழைக்க வந்தவனெல்லாம் காசு பறிக்க வந்தவன் என்று நினைப்பவர்களைக் கேலி செய்கிறது. பல்லவியில் துப்பாக்கி வெடிக்கிறது, கல்லாப்பெட்டி திறக்கிறது. அமெரிக்கத் தொலைக்காட்சியில் பாடியபோது வெடிச் சத்தத்தை மாற்றிவிட்டார்கள். ஆனால் 2008-ல் அதே பாட்டு அங்கே விற்பனைப் பட்டியலில் நான்காம் இடம்வரை ஏறியது. எதிர்ப்பும் விலை போகும் என்று கம்பெனிகளுக்குத் தெரியும். பாடகியை இதற்காகக் குற்றம் சொல்ல நமக்கு மனமில்லை.

நம் மனத்தை உறுத்துவது வேறு. இதைக் கூட்டிசை என்கிறார்கள். டிம்பலாண்டின் பெயரைச் சொல்லி எழுதிய பத்திரிகைகள், உறுமிக்காரர்களைப் பெரும்பாலும் 'சென்னை மேளக்காரர்கள்' என்ற இரண்டு சொல்லில் கடந்துவிட்டன. பாட்டின் முதுகெலும்பாக நின்றவை அந்தக் கைகள்! கூட்டு என்றால் கூலிக்கு வந்தவனுக்கும் பெயர் உண்டா, இல்லையா?

லண்டனை மட்டும் ஏன் கேட்கவேண்டும்? நம் கிராமங்களில் சாவுக்கும் சாமிக்கும் பறை வேண்டும். அடித்தவன் பந்தலுக்கு வெளியே நிற்கவேண்டும். 'ஏய், அடிடா' என்பதைத் தவிர அவனை எப்படிக் கூப்பிட்டார்கள்?

இதோ, வெளியே வைக்கோல் கொளுத்திப் பறையைக் காய்ச்சிக்கொண்டிருக்கிறார்கள் நம் இளைஞர்கள் ஆறு பேர். இந்தக் கூட்டத்தின் நோட்டீஸில் பேச்சாளர் பெயரெல்லாம் பெரிய எழுத்தில் இருக்கிறது. கீழே 'பறையாட்டம் உண்டு' என்று மட்டும் போட்டிருக்கிறோம். அச்சுக்குக் கொடுத்தவர்கள் நாம்தான். தோழர்களே, அவர்களை மேடைக்கு அழையுங்கள். ஆறு பெயரையும் இப்போதே ஒலிபெருக்கியில் வாசிக்கிறோம்.