பகலில் வீட்டில் இருப்பவர்கள்



வழக்கமாக வருமான வரி, சுப்பர் என்று கதைக்கிற நான் இன்றைக்கு வேறொரு கணக்கோடு வந்திருக்கிறேன். காலை ஏழரைக்கு மகனும் மருமகளும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு வெளிக்கிடுகிறார்கள். மாலை ஆறு மணிக்குத்தான் திரும்பவும் கதவு திறக்கிறது. இடையில் பத்தரை மணித்தியாலம். ஐந்து நாளுக்குப் பெருக்கினால் 52½ மணித்தியாலம். அவ்வளவு நேரமும் அந்த வீட்டில் தனியே இருப்பவர், ஊரிலிருந்து நாங்கள் கூப்பிட்ட அம்மா.

கணக்கு வேலையாக நான் பல வீடுகளுக்குப் போகிறவன். பென்டில் ஹில்லிலும் சரி, டண்டினோங்கிலும் சரி, காட்சி ஒன்றுதான். யன்னல் சீலை இழுத்து மூடியிருக்கும். தொலைக்காட்சி சத்தமில்லாமல் ஓடும். மணியடித்தால் யாரென்று தெரியாமல் அம்மா கதவடிக்கு வந்து நிற்பார், திறக்கமாட்டார்.

ஊரில் எங்களுடைய வீடு படலையில் தொடங்கியது. மீன்காரரின் கோர்ண் சத்தம் வரும், வேலிக்கு மேலால் யாராவது கதை கேட்பார்கள். ஒருவர் இருமினால் அடுத்த வளவுக்குத் தெரியும். இங்கே கராஜ் கதவு திறக்கிறது, கார் உள்ளே போகிறது, கதவு மூடுகிறது. யாரும் பெருமையில் செய்வதில்லை, வீடு அப்படிக் கட்டப்பட்டிருக்கிறது. வேலைக்குப் போகிற எங்களுக்கு இந்த நாட்டை அலுவலகமும் ரயிலும் பழக்கிவிட்டன. அம்மாவுக்கு வீடுதான் நாடு. அதை யார் பழக்கிக் கொடுப்பது?

அடுப்பில் இருந்து தொடங்குவோம். 2024 ஜனவரி 1 முதல் விக்ரோறியாவில் திட்ட அனுமதி தேவைப்படுகிற புதிய வீடுகளுக்குக் காஸ் இணைப்புக் கிடையாது. ஆகவே மெல்பேர்ணில் புது வீடு கட்டுகிற எம்மவர் பலருக்கு வாய்ப்பது கண்ணாடி போன்ற இன்டக்சன் அடுப்பு. அதில் இரும்புத் தன்மை உள்ள அடி இருந்தால்தான் பாத்திரம் சூடாகும். மண்சட்டியும் அலுமினியப் புட்டுப்பானையும் நாள் முழுக்க வைத்தாலும் சுடாது. அம்மா அடுப்புப் பழுதாகிவிட்டது என்று நினைத்துப் பாணைத் தின்றுவிட்டுப் படுத்துவிடுவார். குளிர்ப்பெட்டியில் ஒட்டுகிற காந்தத்தை எடுத்துப் பாத்திரத்தின் அடியில் வைத்துப் பாருங்கள். இழுத்துப் பிடித்தால் அந்தப் பாத்திரம் சரி. அடுப்பின் குறிகள் விளங்காவிட்டால், தொடவேண்டிய இடத்துக்குப் பக்கத்தில் தமிழில் எழுதி ஒட்டுங்கள். ஒரு சனிக்கிழமை பக்கத்தில் நின்று புட்டு அவிக்க விடுங்கள், நீங்கள் தொடாமல்.

மிளகாய் வறுக்கிற கதை எல்லோருக்கும் தெரியும். ஊரில் குசினி தனியாக இருந்தது, புகை கூரையால் போனது. இங்கே குசினியும் கூடமும் ஒன்று, தலைக்கு மேலே அலாரம். அது கத்துகிறது என்று பற்றரியைக் கழற்றி லாச்சிக்குள் போட்ட வீடுகளை நான் கண்டிருக்கிறேன். இது விளையாட்டுக் காரியம் அல்ல. நியூ சவுத் வேல்ஸில் சட்டப்படி குற்றமும்கூட. வறுக்கிற வேலையை வெளியே, திறந்த பேகோலாவின் கீழே வைத்துக்கொள்ளுங்கள். கராஜுக்குள் வேண்டாம்.

கராஜ் வேண்டாம் என்பதற்குக் காரணம் உண்டு. காஸோ கரியோ மூடிய இடத்தில் எரிந்தால் காபனோரொட்சைட்டு சேரலாம். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. குளிருக்காகக் கரிச்சட்டியையோ பாபிகியூவையோ உள்ளே கொண்டுவரவே கூடாது. பழைய வீடுகளில் இன்னொரு ஆபத்தும் உண்டு. கூடத்தில் காஸ் ஹீற்றர் எரிகிறது, யன்னல் எல்லாம் பூட்டு, குசினியில் புகை இழுக்கும் விசிறி முழு வேகத்தில் ஓடுகிறது. அந்த விசிறி, புகைபோக்கியால் வெளியே போகவேண்டிய நச்சுக் காற்றைத் திரும்ப வீட்டுக்குள் இழுத்துவிடலாம். எங்கள் சமையலுக்கு விசிறி இல்லாமல் முடியாது, ஆகவே ஒரு யன்னலைக் கொஞ்சம் திறந்து வைக்கவேண்டும். வாடகை வீடென்றால், விக்ரோறியாவில் 2021 மார்ச் முதல் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை காஸ் சோதனை செய்விப்பது வீட்டுக்காரரின் கடமை. கேட்டு வாங்குங்கள். கேட்டால் வீட்டை விட்டு எழுப்பிவிடுவார்கள் என்று பயந்து குளிரில் இருப்பவர்களைப் பார்க்க எனக்குக் கோபம்தான் வருகிறது.

அடுத்தது தொலைபேசி. 000 என்ற இலக்கம் அம்மாவுக்குத் தெரியும். அடித்தபிறகு என்ன நடக்கும் என்பது தெரியாது. எடுப்பவர் பொலிசா, ஃபயரா, அம்புலன்சா என்று ஆங்கிலத்தில் கேட்பார். ஒரு சொல் போதும்: 'அம்புலன்ஸ்'. பிறகு ஊரின் பெயர். பிறகு 'தமிழ்'. மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள், அதுவரை வைத்துவிடக் கூடாது. உண்மையாக அடிக்காமல் வீட்டிலேயே ஒத்திகை பாருங்கள், பேரப்பிள்ளை அந்த எடுப்பவராக நடிக்கட்டும். வீட்டு விலாசத்தைப் பெரிய எழுத்தில் தமிழில் எழுதி ஒட்டுங்கள். அவசரமில்லாத விஷயங்களுக்கு 131 450, இரவும் பகலும் இயங்குகிற அரசாங்க மொழிபெயர்ப்புச் சேவை.

காசு விஷயத்தில் நான் கணக்காளனாகப் பேச வேண்டும். அகதியாக ஏற்கப்பட்டவர்களுக்கு முதியோர் ஓய்வூதியத்துக்குப் பத்து வருடக் காத்திருப்பு இல்லை. பெற்றோர் விசாவில் வந்தவர்களுக்குப் பொதுவாக உண்டு. அப்படியானால் பத்து வருடம் அம்மா பஸ் காசுக்கும் மகனிடம் கேட்கவேண்டும். ஊரில் நகையை அடகு வைத்துக் குடும்பத்தைக் காப்பாற்றி, எங்களை வெளியே அனுப்பியவர் அவர். அவருடைய பெயரில் ஒரு வங்கிக் கணக்கும் அட்டையும் எடுத்து, பதினைந்து நாளுக்கு ஒருமுறை கேட்காமலே ஒரு தொகை போடுங்கள். சிட்னியில் நிரந்தர வதிவிடம் பெற்று, 60 வயது கடந்து, வேலைக்கும் போகாதவர் சீனியர்ஸ் காட் எடுக்கலாம். தங்க நிற ஒப்பல் அட்டையில் நாள் முழுக்கப் பயணம் செய்தாலும் இரண்டரை டொலருக்கு மேல் போகாது. ஹோம்புஷ் கடைத்தெருவுக்குப் போய் ஒரு கட்டு முருங்கையிலை வாங்கி வருவதும் ஒரு வெளிப்பயணம்தான்.

கடைசியாக அயல். குயின்ஸ்லாந்தின் பிலோயிலாவில் இருந்த பிரியா, நடேஸ் குடும்பத்தை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். 2018 மார்ச் மாதம் ஒரு விடியற்காலையில் அவர்களையும் இரண்டு சிறு பிள்ளைகளையும் மெல்பேர்ண் தடுப்பு முகாமுக்குக் கொண்டுபோனார்கள். பிறகு கிறிஸ்மஸ் தீவு, பிறகு பேர்த். 2022 ஜூன் மாதம்தான் ஊர் திரும்பினார்கள். நாலு வருடத்துக்கு மேல் அவர்களுக்காகக் கத்தியவர்களில் முன்னுக்கு நின்றவர்கள், தமிழ் ஒரு சொல்லும் தெரியாத அந்தச் சின்ன ஊர்ச் சனங்கள். நடேஸ் அங்கே இறைச்சித் தொழிற்சாலையில் வேலை செய்தவர். சனம் அவர்களை முகம் பார்த்து, பெயர் சொல்லி அறிந்திருந்தது.

அடுத்த வீட்டுக்காரருக்கு உங்கள் அம்மாவின் பெயர் தெரியுமா? ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய்க் கதவைத் தட்டுங்கள். முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போவது நல்லது, இங்கே அப்படித்தான் வழக்கம். இவர் பகலில் தனியே இருக்கிறார், பெயர் இது, என் இலக்கம் இது என்று சொன்னால் போதும். வென்ற்வேர்த்வில்லில் எனக்குத் தெரிந்த ஒரு அம்மா அப்படிப் போய்ப் பழகியவர். பக்கத்து வீட்டில் எண்பது வயதைத் தாண்டிய வெள்ளைக்காரக் கிழவி, அவரும் பகலில் தனி. ஒருவருக்கு ஆங்கிலம் இல்லை, மற்றவருக்குக் காது சரியாகக் கேளாது. ஆகவே கதை பெரிதாக இல்லை. குப்பை எடுக்கிற நாளுக்கு முதல்நாள் பின்னேரம் இரண்டு வீட்டுச் சிவப்பு மூடித் தொட்டிகளையும் இந்த அம்மாதான் வீதிக்குத் தள்ளுகிறார். அந்த மனிசி அதைப் பார்த்துக்கொண்டு வாசலில் நிற்கிறார், கையில் இரண்டு எலுமிச்சம்பழத்தோடு.