பழம்பொருள் காக்கும் படிப்பு

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

ரயில்வே பார்சல் அலுவலகத்தில் எழுத்தராகப் பணிபுரியும் நான் மெட்ரிகுலேஷனுக்கு மேல் படித்தவனல்லன். முதுகலைப் படிப்பொன்றைப் பற்றி இம்மேடையில் பேசத் துணிந்தது கற்றவன் என்ற முறையில் அன்று. ஒரு பெண்ணின் தந்தை என்ற முறையிலேயாகும்.

வேதியியலில் பட்டம் பெற்ற என் மூத்த மகள், அருங்காட்சியகவியல் படிக்க விரும்புவதாகச் சென்ற ஆண்டு கூறினாள். “பொம்மைகளுக்குக் காவலிருக்கவா உன்னைப் படிக்க வைத்தேன்? வங்கித் தேர்வு எழுது” என்று கடிந்துகொண்டேன். மறுமொழி கூறாமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைச் சயாஜி பூங்காவிலுள்ள அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் சென்றாள். இருபது ஆண்டுகளுக்கு மேலாக வடோதராவில் வாழ்ந்தும், 1894இல் எழுந்த அக்கட்டடத்தினுள் நான் நுழைந்தது அதுவே முதன்முறை.

அகோட்டாவில் கிடைத்த சமண வெண்கலப் படிமங்களைக் காட்டி, “ஈரமும் உப்பும் இவற்றை அரிக்கும், அப்பா. அதைத் தடுப்பது வேதியியல் கற்றவர் பணி. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930லேயே இதற்கென ஆய்வுக்கூடம் அமைத்தார்கள்” என்றாள். ஒவ்வொரு பொருளுக்கும் எண், வந்த வழி, அடைந்த சேதம் ஆகியவற்றைப் பேரேட்டில் பதிவார்கள் என்றும் சொன்னாள். பார்சல் பதிவேட்டில் நான் நாள்தோறும் செய்வதும் அதுவன்றோ!

அத்தகைய பதிவின் அருமைக்கு அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தான் சான்று. அவ்வூர்க் கோயிலில் களவுபோன நடராசர் திருமேனியை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008இல் 50 இலட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் முன்பே எடுத்து வைத்திருந்த புகைப்படங்களோடு ஒப்பிட்டதில் உண்மை வெளிப்பட்டது. 2014இல் திருமேனி தாயகம் திரும்பியது. படமெடுத்துப் பதிந்து வைத்தவர் இல்லையேல், நம்முடையது என்று எவ்வாறு நிலைநாட்டியிருப்போம்?

இப்படிப்புக்கு நாம் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. இவ்வூர் மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் 1950இல் நுண்கலைப் புலமும், 1952இல் அருங்காட்சியகவியல் துறையும் தொடங்கின. தில்லியில் 1989இல் தோன்றிய தேசிய அருங்காட்சியக நிறுவனம் கலை வரலாறு, பழம்பொருட் பாதுகாப்பு, அருங்காட்சியகவியல் மூன்றிலும் முதுகலை வகுப்புகளை ஏற்படுத்தியது.

ஆயினும், அரசுப் பணியிடங்கள் குறைவு. தேர்வாணைய அறிவிப்புக்காகக் காத்திருக்க நேரிடும். இதை மறைத்துப் பேசுதல் முறையன்று. எனினும் உயர்ந்தவர் இல்லாமலில்லை. வடமொழியில் தேர்ந்து, சென்னை அருங்காட்சியகத்தில் பணியாற்றிய சி. சிவராமமூர்த்தி, பின்னாளில் தில்லி தேசிய அருங்காட்சியகத்தின் இயக்குநரானார். மொழியறிவின்றி இத்துறையில் ஆழம் காண இயலாது.

அவ்வெண்ணமே என்னைச் சுட்டது. வீடு திரும்பும்போது என் மகள், “சோழர் படிமங்களை ஆராய விரும்புகிறேன். இன்றைய தமிழெழுத்தே தெரியாத நான் கல்வெட்டுத் தமிழை எப்படிப் படிப்பேன்?” என்றாள். குஜராத்திப் பள்ளியில் சேர்த்ததோடு என் கடமை முடிந்ததென்று இருந்துவிட்டேன். அக்குற்றம் அவளுடையதன்று.

இவ்வாண்டு அவள் அத்துறையில் சேர்ந்துவிட்டாள். வேலை கிடைக்குமா என்ற கவலை எனக்கு இன்னும் நீங்கவில்லை. ஆனால் இரவு உணவுக்குப் பின் இருவரும் அமர்ந்து அகர வரிசையிலிருந்து தொடங்கியிருக்கிறோம்.

அன்பர்களே! உங்கள் குழந்தைகள் இருபத்தொரு வயது வரை காத்திருக்க வேண்டா. நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு இப்போதே அனுப்புங்கள். அவர்களுள் ஒருவர் நாளை பழம்பொருள் காக்கும் படிப்பை விரும்பினால், நான் நகைத்ததுபோல் நகைத்துவிடாதீர்கள்.