சர்க்கரையும் தொந்தியும்

(எங்கள் கிளையின் மாதக் கூட்டத்தில் பேசியது)

நான் டாக்டர் இல்லை. கெமிஸ்ட்ரி பி.எஸ்ஸி. படித்துவிட்டு, 36 வருஷம் மத்திய சர்க்கார் ஆபீஸில் ஃபைல் பார்த்தவன். பதினோரு வருஷமாக டைப் 2 டயாபடிஸ். பேச எனக்குள்ள யோக்யதாம்சம் அவ்வளவுதான்.

என் உயரம் 165 செ.மீ., எடை 65 கிலோ. ஒல்லி என்றே நினைத்திருந்தேன். போன ஆவணி அவிட்டத்தன்று பஞ்சகச்சம் கட்டினால் வேஷ்டி போதவில்லை! டேப் வைத்து அளந்தேன். இடுப்பு 98 செ.மீ. நம் தேசத்தில் ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 தாண்டினாலே ஆபத்து என்பது கணக்கு.

புனே டாக்டர் யாக்னிக்கும் லண்டன் டாக்டர் யுட்கினும் 2004-ல் 'லான்செட்' பத்திரிகையில் தங்கள் போட்டோவையே போட்டார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. ஒன்றேதான், 22.3. ஆனால் உடம்பில் கொழுப்பு அவருக்கு 9.1 சதவிகிதம், நம்மவருக்கு 21.2! தராசு மட்டும் பார்த்துப் பிரயோஜனமில்லை.

வியாதி கண்டபோது நான் 60 கிலோ. மாத்திரை ஆரம்பித்த பிறகுதான் ஐந்து கிலோ ஏறியது. காரணம் உண்டு. முன்பு சிறுநீரில் போய்க்கொண்டிருந்த சர்க்கரை, கன்ட்ரோல் வந்ததும் உடம்பிலேயே தங்குகிறது. கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகள் கணையத்தைத் தூண்டி இன்சுலினைக் கூட்டும்; இன்சுலினோ கொழுப்பைச் சேர்த்து வைக்கிற ஹார்மோன். ஊசி போட்டுக்கொள்பவர்களுக்கும் எடை ஏறலாம். மெட்ஃபார்மினில் இந்த உபத்திரவம் பொதுவாக இல்லை.

இதைவிடப் பெரிய எதிரி பயம். ஒருநாள் மார்க்கெட்டில் லோ ஷுகர் வந்து, வியர்த்துக் கொட்டிக் கை நடுங்கிவிட்டது. அன்றிலிருந்து பையில் பிஸ்கட். தலை சுற்றினால் இரண்டு, சுற்றாவிட்டாலும் இரண்டு! ஆத்துக்காரி சொல்லியும் கேட்கவில்லை. மருந்து எழுதியவர் எடை ஏறும் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இப்போது பார்க்கும் டாக்டர் அளவைக் குறைத்தார். தயவுசெய்து நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். பிஸ்கட்டுக்குப் பதில் குளுக்கோஸ் பொட்டலம் வைத்திருக்கிறேன். அதை யாரும் ருசிக்காகச் சாப்பிடமாட்டார்கள்.

ஏகாதசி உபவாசமென்று ஜவ்வரிசிக் கிச்சடி சாப்பிடுபவர்களுக்கு ஒரு வார்த்தை: அது அநேகமாக முழுக்க ஸ்டார்ச்.

சாப்பாட்டில் முதலில் கூட்டு, கறி. பிறகு அளந்து இரண்டு கரண்டி சாதம். சாயங்காலம் முக்கால் மணி நடை. நாலு மாதத்தில் இடுப்பு 94-க்கு வந்திருக்கிறது. இன்னும் நாலு பாக்கி.

டேப் மேஜைமேல் இருக்கிறது. மாமிகளுக்கு உள் ரூமில் தனியாக இன்னொன்று.